தொட்ட பிள்ளை மறைகிறாள்

எங்கள் மென்பொருளை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிடும். அதை மறைத்துக்கொண்டு சிரிக்கிற பக்குவம் இன்னும் வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றின் சேர்க்கை வேலை முழுவதும் எங்கள் மென்பொருளில்தான் நடக்கிறது. பெற்றோர் வீட்டில் இருந்தபடியே பிள்ளைகளைப் பதிவு செய்யலாம், படமும் மருத்துவ அறிக்கையும் ஏற்றலாம், இடம் கிடைத்ததா என்று பார்த்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் இதற்காக வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளி வாசலில் கால்கடுக்க நிற்பார்கள். அந்த வரிசையை ஒழித்தது பெரிய கம்பெனி எதுவும் இல்லை. ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில், கீழே பல்லைத் துளைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, நான்கு மேசை போட்ட அறையில் உட்கார்ந்து, இரண்டு உதவியாளர்களை வைத்துக்கொண்டு, நானும் என் தம்பியும் ஒழித்தோம்.

தம்பி என்றால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். நான் நள்ளிரவுக்குச் சற்று முன்னால் பிறந்தேன், அவன் சற்றுப் பின்னால். காலண்டரைக் கேட்டால் நான் ஒரு நாள் மூத்தவள். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு நாற்பது வருஷமாக அவனை மேய்த்து வருகிறேன். அலுவலகத்தில் அவனுக்கு மேதை என்று பெயர். வைத்தது அவனேதான், ஒருநாள் வாய்தவறித் தன்னைத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டான், நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். வேலையில் அவன் சூரன், அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. தப்பை ஒப்புக்கொள்வது மட்டும்தான் அவனுக்கு ஆகாத வேலை. காபியைக் கொட்டிவிட்டால் மேசை சாய்வாக இருக்கிறது என்பான்.

அன்று காலை நாங்கள் கதவைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, கணினியை உயிர்ப்பிப்பதற்குள் ஒரு பெண் உள்ளே வந்துவிட்டார். பேருந்து ஓட்டுநர் சீருடை, தோளில் தோல்பை, இரண்டு கையிலும் இரண்டு பெண் பிள்ளைகள். பிள்ளைகள் அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம், ஒரே உயரம். ஒருத்திக்கு மட்டும் முன்பல் விழுந்திருந்தது. உட்காருங்கள் என்று நான் சொல்வதற்கு முன்பே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பள்ளிக்கூடத்துல கேட்டா கம்ப்யூட்டர்ல இல்லங்கறாங்க. கம்ப்யூட்டர்காரங்க எங்கன்னு கேட்டேன், இந்த அட்ரஸைக் குடுத்தாங்க. இப்ப நீங்க சொல்லுங்க. என் பொண்ணுங்கள்ல ஒருத்தி வேணாம்னு உங்க மெஷின் முடிவு பண்ணிருக்கே, ஏன்?"

"மெஷின் யாரையும் வேணாம்னு சொல்லாதும்மா," என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் விறைப்பாகத்தான் கேட்டது. "யாருக்கு இடம்னு பள்ளிக்கூடம்தான் முடிவு பண்ணும். நாங்க அதை அப்படியே காட்டுறோம்."

"பள்ளிக்கூடம் ரெண்டு பேருக்கும் இடம்னு முடிவு பண்ணியாச்சு. தேர்வு வச்ச டீச்சரே எங்கிட்ட வாயால சொன்னாங்க. உங்க பட்டியல்ல ஒருத்திதான் இருக்கா. தலைமையாசிரியரு இன்னைக்கு மத்தியானம் பட்டியலை உறுதி பண்ணப் போறாங்களாம். அதுல இல்லாத பிள்ளையோட இடம் தானா அடுத்த ஆளுக்குப் போயிருமாம்."

அது உண்மை. அந்தப் பொத்தானையும் நாங்கள்தான் செய்து கொடுத்தோம். பட்டியலில் உள்ள பிள்ளைகளுக்கு இடம் உறுதியாகும். மீதி இடங்கள் காத்திருப்போருக்குப் போய்விடும். போனது போனதுதான், திரும்ப வாங்க முடியாது.

பிள்ளைகள் இருவரும் எங்கள் பேச்சைக் கவனிக்கவில்லை. ஜன்னல் ஓரம் நின்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக் கைகளால் மடமடவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஏதோ நகைச்சுவை போலிருக்கிறது, பல் விழுந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பாத்தீங்கல்ல," என்றார் ஓட்டுநர், குரலைத் தாழ்த்தி. தாழ்த்த வேண்டிய அவசியமே இல்லை என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "தெருவுல ஒரு பிள்ளையும் இதுங்களோட சேராது. இவளுக்கு அவ, அவளுக்கு இவ. ஒருத்திய ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தா வீட்டுல இருக்கறவ யார்கூட பேசுவா?"

மேதை அதற்குள் தன் மேசையில் இருந்து எட்டிப் பார்த்தான். "பதிவு பண்ணும்போது ஒரு பிள்ளைய விட்டிருப்பாங்க," என்றான், என்னைப் பார்த்து, அவர் அங்கே இல்லாத மாதிரி.

"தம்பி, நான் ஊரையே சுமந்துட்டுப் போற வண்டி ஓட்டுறவ," என்றார் அவர். "ஒரு பயணியக்கூட விட்டுட்டுப் போனதில்ல. சொந்தப் பிள்ளைய விடுவேனா?"

நான் வாயை மூடிக்கொண்டு டேட்டாபேஸைத் திறந்தேன். அந்தக் குடும்பத்தின் எண்ணைப் போட்டுப் பிள்ளைகள் அட்டவணையில் தேடினேன். இரண்டு வரிகள் வந்தன. இரண்டு பெயர்கள், இரண்டு படங்கள், இரண்டுக்கும் தேர்வு முடிவு 'இடம் உண்டு'. அதே குடும்பத்தைப் பள்ளி பார்க்கும் திரையில் திறந்தேன். ஒரே பிள்ளை.

எனக்குச் சுரீர் என்றது. கிடங்கில் இரண்டு மூட்டை இருக்கிறது, கடையில் ஒன்றுதான் தெரிகிறது என்றால் நடுவில் யாரோ ஒன்றை எடுக்கிறார்கள் என்று அர்த்தம். நடுவில் இருப்பதெல்லாம் எங்கள் சரக்கு.

நடுவில் இருப்பவன் யார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸ் வைத்திருப்பது அட்டவணைகள், வரிகள். எங்கள் நிரலுக்கு, அதாவது நாங்கள் எழுதிய புரோகிராமுக்கு, புரிவது குடும்பம், பிள்ளை என்பது மாதிரியான உருப்படிகள். இரண்டுக்கும் நடுவில் மேப்பர் என்று ஒரு தரகன் இருக்கிறான். ஒரு குடும்பத்துக்குப் பல பிள்ளைகள் என்று அவனிடம் சொல்லி வைத்துவிட்டால், குடும்பத்தைக் கேட்கும்போதெல்லாம் அதன் பிள்ளைகளையும் பொறுக்கி ஒரு கூடையில் போட்டுக் கொண்டுவந்து தருவான். ஒன்றுக்குப் பல என்ற இந்த உறவில்தான் எங்கள் தொழிலில் பாதிப் பேருடைய தலைமுடி கொட்டுகிறது.

இதில் வழக்கமாக வரும் வியாதிகள் எனக்கு மனப்பாடம். முதலாவது, குடும்பத்தின் கூடையில் பிள்ளையைப் போட்டிருப்போம், பிள்ளையின் வரியில் குடும்பத்தின் எண்ணை எழுத மறந்திருப்போம். மேப்பர் நம்புவது பிள்ளையின் வரியை மட்டும்தான். எண் இல்லாத பிள்ளை அவனுக்கு அநாதை. பார்த்தேன், இரண்டு வரியிலும் எண் இருந்தது. அடுத்து, நினைவில் பழைய நகல் தங்கியிருக்கலாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினேன். அப்போதும் ஒருத்திதான். பிறகு, மேப்பர் டேட்டாபேஸிடம் என்ன கேட்கிறான் என்று ஒட்டுக்கேட்டு, அதே கேள்வியை என் கையாலேயே கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேரும் வந்தார்கள்.

"வாசல் வரைக்கும் ரெண்டு பேரும் வர்றாங்கடா," என்றேன் மேதையிடம். "உள்ள வரும்போது ஒருத்தி இல்ல."

"மேப்பர்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

"உலகமே வச்சுருக்கற மேப்பர். உனக்காக மட்டும் கெட்டுப்போச்சாக்கும்."

அவன் முறைத்தான். ஓட்டுநர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "இன்னொண்ணு சொல்லணும். சொன்னா என்னைய பைத்தியம்னு நினைப்பீங்க. பள்ளிக்கூடத்துல அப்படித்தான் நினைச்சாங்க."

"சொல்லுங்க."

"எப்பவும் ஒரே பொண்ணு காணாமப் போகல. மாறி மாறிப் போகுது."

மேதை பரிவாகச் சிரித்தான். அவனுடைய அந்தப் பரிவான சிரிப்பு யாருக்கும் பிடிக்காது. "ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கறதால உங்களுக்கே..."

"நான் பெத்தவ, தம்பி. கண்ணைக் கட்டிவிட்டாலும் எவ எவன்னு சொல்லுவேன்." பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல பெரியவ பட்டியல்ல இருந்தா. பல்லு விழுந்துருச்சே, புதுப் படம் போடுவோம்னு அவளோட படத்தை மாத்தினேன். உடனே அவ போயிட்டா, சின்னவ வந்துட்டா. சரி, சின்னவளோட ரிப்போர்ட்ல ஏதோ கோளாறுன்னு அதை மாத்தினேன். சின்னவ போயிட்டா, பெரியவ வந்துட்டா. எவளைத் தொடுறேனோ அவ காணாமப் போறா. அப்புறம் நான் தொடவே இல்ல. பயமா இருந்துச்சு."

அதுவரை அவர் கோபமாக வந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளையின் பெயரைத் தன் விரல் தொடக்கூடாது என்று எத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தாரோ. அவரை நினைத்து எனக்கு வருத்தமாக இருந்தது. அதே நேரம், என் மூளையின் ஒரு மூலையில் விளக்கும் எரிந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது ஒரு சாபம். இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

வரிசைப்படுத்திக் கொடு என்று சொல்லாவிட்டால் எங்கள் டேட்டாபேஸ் வரிகளைக் கிடந்தது கிடந்தபடி எடுத்துக் கொடுக்கும். ஒரு வரியைத் திருத்தினால் இருந்த இடத்தில் திருத்தாது. புதிதாக ஒன்றை எழுதி வேறு இடத்தில் வைக்கும். பெரும்பாலும் அது கடைசியில் போய்க் கிடக்கும். ஆகவே தொட்ட பிள்ளை கடைசியாக வருகிறாள். கடைசியாக வருகிறவளைத்தான் யாரோ உள்ளே விடுவதில்லை. ஏன் விடுவதில்லை? முதலில் வந்தவளும் இவளும் ஒரே ஆள் என்று நினைத்துத்தான்.

மேப்பர் நிரப்பும் கூடை ஒரே பொருளை இரண்டு தரம் ஏற்றுக்கொள்ளாத வகை. எது ஒரே பொருள், எது வேறு பொருள் என்று அந்தக் கூடைக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும். எங்கள் நிரலில் அதைச் சொல்லிக்கொடுத்தவன் எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தான்.

நான் திரும்பிப் பார்த்தபோது அவன் நிரலின் அந்தப் பகுதியை ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது. ஒரே குடும்பம், ஒரே பிறந்த தேதி என்றால் ஒரே பிள்ளை. சுருக்கமான, அழகான விதி.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. எங்கள் இணையப் பக்கம் கொஞ்சம் மெதுவாகத் திறந்தால் போதும், பெற்றோர் பதிவுப் பொத்தானைக் கதவைத் தட்டுவது மாதிரித் தட்டித் தள்ளிவிடுவார்கள். ஆரம்பத்தில் ஒரே பையன் பட்டியலில் ஐந்தாறு பேராக நின்றுகொண்டு ஐந்தாறு இடம் கேட்டான். அந்தக் கூத்தை அடக்கத்தான் மேதை இந்த விதியை எழுதினான். அன்று நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

"ஏன்டா, நீயே ஒரு இரட்டை," என்றேன். "ஒரே நாள்ல ரெண்டு பிள்ளை பிறக்கும்னு உனக்குத் தோணலையா?"

"தோணுச்சு," என்றான், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "சோதனையும் எழுதி வச்சேன்."

சோதனை என்பது நிரல் சரியாக நடக்கிறதா என்று நிரலே பார்த்துக்கொள்ள நாங்கள் எழுதி வைக்கும் சிறு பரீட்சை. அவன் சொன்ன பரீட்சை அங்கே இருந்தது. 'இரட்டைப் பிள்ளைகள் இருவரும் தெரிய வேண்டும்' என்பது அதன் தலைப்பு. எழுதிய நாளில் இருந்து ஒருமுறைகூடத் தோற்காமல் பச்சை விளக்கோடு நின்றது. உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு குடும்பம், அதில் ஓர் அக்கா, ஒரு தம்பி. அக்காவின் பிறந்த தேதி என்னுடையது. தம்பியின் பிறந்த தேதி அவனுடையது, அதாவது மறுநாள்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, திட்டவும் வாய் வரவில்லை. இரட்டை என்றால் அவனுக்குத் தெரிந்த இரட்டை நாங்கள்தான். உலகத்தில் உள்ள மற்ற இரட்டைகள் எல்லாம் ஒரே தேதியில் பிறக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாததில்லை. சோதனைக்குத் தேதி வேண்டும் என்று விரல் தேடியபோது எங்கள் தேதிகள்தான் கையில் தட்டுப்பட்டிருக்கின்றன. இப்படி ஒரு தப்பைச் செய்ய உலகத்தில் அவன் ஒருவனால்தான் முடியும். நான் எழுதியிருந்தாலும் அதையேதான் போட்டிருப்பேன் என்று தோன்றியது, வெளியே சொல்லவில்லை.

மேசை சாய்வாக இருக்கிறது என்று சொல்லுவான் என்று காத்திருந்தேன். அவன் அந்த விதி வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தான்.

விதியைத் தூக்கி எறிவது ஒரு நொடி வேலை. ஆனால் எறிந்த நொடியில், அதுவரை மறைந்திருந்த அவசரக்காரர்களின் இரட்டிப்புப் பதிவுகள் எல்லாம் பட்டியலில் வந்து குதிக்கும். அவை ஆளுக்கொரு இடத்தைப் பிடித்துக்கொண்டால் வேறு யாருடைய பிள்ளையோ வெளியே போகும். ஒழுங்காகச் செய்ய நேரம் வேண்டும். உறுதி செய்வதைத் தள்ளிப்போடச் சொல்லித் தலைமையாசிரியரைக் கேட்டாக வேண்டும். அவர் கறாரான மனுஷி. திரையில் ஒரு எழுத்துப்பிழை இருந்தால்கூடக் கூப்பிட்டுச் சொல்வார்.

நான் போனை எடுத்தேன். "சின்னப் பராமரிப்பு வேலை இருக்குன்னு சொல்லிடறேன்," என்றேன். எங்கள் மென்பொருளின் மானம் எனக்குப் பெரிது.

மேதை எழுந்து வந்து என் கையில் இருந்து போனை வாங்கிக்கொண்டான். "மேடம், பட்டியலை உறுதி பண்ணாதீங்க," என்றான். "எங்க நிரல்ல தப்பு இருக்கு. நான் எழுதினது. ஒரே நாள்ல பிறந்த இரட்டைப் பிள்ளைங்கள்ல ஒருத்தரை அது காட்டாது."

எங்கள் உதவியாளர்கள் இரண்டு பேரும் காதில் இருந்து ஹெட்போனைக் கழற்றினார்கள். தப்பு தன்னுடையது என்று அவன் ஒப்புக்கொண்டதை அவர்களும் முன்பு கேட்டதில்லை. பல் மருத்துவரின் துளைக்கருவிகூட அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது.

தலைமையாசிரியர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார், ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "போன வருஷமும் இதே நிரல்தானே?"

"ஆமா மேடம்," என்றான். "பாத்துட்டுக் கூப்பிடுறேன்."

அதற்குப் பிறகு நாங்கள் வேலை செய்த விதத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அப்படி ஒரு வேலை. இனி பிள்ளை யார் என்பதைத் தேதியை வைத்துப் பார்க்க வேண்டாம், டேட்டாபேஸ் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் தனி எண்ணை வைத்துப் பார்த்தால் போதும் என்று அவன் மாற்றினான். அவசரக்காரர்களை வாசலிலேயே நிறுத்தினேன் நான். ஒரு படிவத்தை எத்தனை தடவை அழுத்தினாலும் ஒரு தடவைதான் ஏறும். பழைய இரட்டிப்புப் பதிவுகளைப் பெயர் முதல் படம் வரை ஒப்பிட்டு ஒதுக்க ஒரு சின்ன நிரல் எழுதினோம். அது ஒதுக்கியதை உதவியாளர்கள் இரண்டு பேரும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தும் சரிபார்த்தார்கள். ஒருவர் வாயில் வரும் வாக்கியத்தை இன்னொருவர் முடித்தோம். அவன் தட்டும்போதே அடுத்த வரி எனக்குத் தெரிந்தது.

சோதனையையும் மாற்றினான். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே தேதி போட்டான். முதலில் பழைய விதியை வைத்தே ஓட்டினான். அது தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றான். சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் புதியதை வைத்து ஓட்டினான், பச்சை வந்தது.

ஓட்டுநரைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்கார வைத்தேன். திரையில் அவருடைய குடும்பம் இருந்தது. அதன் கீழே பல் விழுந்தவள் ஒரு படத்தில், பல் விழாதவள் ஒரு படத்தில்.

"இப்ப ஏதாவது ஒண்ணை மாத்திப் பாருங்க," என்றேன்.

"வேணாம் மேடம். ரெண்டு பேரும் இருக்காங்க. இப்படியே இருக்கட்டும்."

"நீங்க தொட்டும் இருக்கணும்மா. இல்லன்னா நாங்க செஞ்சது வேலையே இல்ல."

அவர் பெரியவளின் படத்தின்மேல் கர்சரைக் கொண்டுபோனார். ஊரையே சுமக்கிற வண்டியைத் திருப்புகிற கை, சேமி என்கிற பொத்தான்மேல் வந்து நின்றது. அழுத்தினார். பக்கம் மறுபடி திறந்தது. இரண்டு பேரும் இருந்தார்கள். சின்னவளைத் தொட்டார். இருந்தார்கள். மறுபடி பெரியவள், மறுபடி சின்னவள். பிள்ளைகள் ஓடிவந்து நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நின்று தங்கள் படங்களைப் பார்த்தார்கள். அம்மா எதற்கு அழுகிறாள் என்று அவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, எனக்கும் மூக்கு அடைத்துக்கொண்டது. பெருமையில் அழுவது எனக்குப் பழக்கமில்லை, ஜலதோஷம் என்று வைத்துக்கொண்டேன்.

மேதை எங்களோடு நிற்கவில்லை. போன வருஷத்துப் பதிவுகளில் தேடிக்கொண்டிருந்தான். ஒரே குடும்பம், ஒரே தேதி, வேறு வேறு பெயர், ஒருவர் சேர்ந்து ஒருவர் விடுபட்ட வீடு ஏதாவது உண்டா என்று. நான் போய் அவன் பின்னால் நின்றேன். ஒன்றும் வராது என்று நினைத்தேன், வரக்கூடாது என்றும் நினைத்தேன்.

ஒரு குடும்பம் வந்தது. ஒரு பெண், அவளுக்குத் தம்பி என்று பதிவான ஒரு பையன். பையனுக்கு இடம் உறுதி. பெண்ணின் தேர்வு முடிவும் 'இடம் உண்டு' என்றுதான் இருந்தது. அவள் இடம் மட்டும் காத்திருந்த வேறு யாருக்கோ போயிருந்தது.

அக்காவும் தம்பியுமாக ஒரு வீடு. எங்களைப் போலவே. மேதை தலைமையாசிரியரைக் கூப்பிட்டான், ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். "இடத்துக்கு நான் பொறுப்பு," என்றார் அவர். "இந்த வருஷம் அவளைச் சேத்துக்கறேன். ஆனா அவங்க வீட்டுல சொல்ல வேண்டியது நீங்கதான்."

அந்தப் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டான். விஷயத்தைக் கேட்டதும் அவர் கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"அப்ப எம்பொண்ணு தேர்வுல தோக்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல சார். தேர்வாயிட்டா. எங்க நிரல்தான் அவளைக் காட்டல."

"தம்பி பாஸாயிட்டான், தான் மக்குன்னு ஒரு வருஷமா நினைச்சுட்டு இருக்கா சார் அவ. அவன் லீவுக்கு வந்தாக்கூட முன்ன மாதிரி பேசறதில்ல. இப்ப நான் போய்ச் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேன்னுதான் நினைப்பா. தப்பு பண்ணவரு நீங்க. நீங்களே அவகிட்ட சொல்லுங்க."

"போனை அவகிட்ட குடுங்க சார்," என்று அவன் பழக்கத்தில் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். போனில் சொன்னால் அவளுக்கு எப்படிக் கேட்கும்? எழுதிக் கொடுக்கலாம் என்றாலோ, ஒரு வருஷமாகப் பள்ளிக்கே போகாத பிள்ளை. "இல்ல சார். நேர்ல வர்றேன். இன்னைக்கே வர்றேன்."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எழுந்து ஓட்டுநரிடம் போனான். அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

"அம்மா, உங்களுக்கு சைகை மொழி தெரியும்ல?"

"பள்ளிக்கூடத்துல, சேரக் காத்திருக்கற பிள்ளைங்களுக்கும் பெத்தவங்களுக்கும் வகுப்பு எடுக்கறாங்க. நாங்க மூணு பேரும் போறோம். ஏன் தம்பி?"

"தப்பு என்னோடது, உன்னோடது இல்லன்னு எப்படிச் சொல்றது?"

அவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாகச் செய்து காட்டினார். மேதை செய்து பார்த்தான். பிள்ளைகள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பல் விழுந்தவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி வைத்தாள். சின்னவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். அவன் மறுபடி செய்தான். அவர்கள் தலையை ஆட்டினார்கள், இல்லை என்று.

"கை சரியாத்தான் இருக்கு தம்பி," என்றார் ஓட்டுநர். "மூஞ்சி சரியில்ல. கை மட்டும் சொன்னா பொய்யின்னு நினைப்பாங்க. மூஞ்சியும் சேந்து சொல்லணும்."

"எதிர்ல யாராவது இருந்தா வரும்," என்றான். என்னைப் பிடித்து இழுத்துவந்து அந்தப் பெண்ணின் இடத்தில் உட்கார வைத்தான். "நீ உக்காரு. நீதான் அவ."

உட்கார்ந்தேன். அவன் என் முன்னால் முட்டி போட்டான். முதல் தடவை சிரித்துவிட்டான், நானும் சிரித்தேன். இரண்டாவது தடவை சிரிக்கவில்லை. என் கண்ணைப் பார்த்து, மெதுவாகச் செய்தான். தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை. நாற்பது வருஷமாகப் பார்த்துப் பழகிய முகம். அதில் இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் இருவரும் சரி என்று தலையசைத்தார்கள்.

ஒத்திகைதான், எனக்குத் தெரியும். அந்தக் கைகள் பேசியது வேறு ஒரு வீட்டில், வேறு ஒரு தம்பிக்கு அக்காவாக இருக்கும் ஒரு சின்னப் பெண்ணிடம். இருந்தாலும் இவன் என் தம்பி என்று அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும் போல இருந்தது. வாயில் வந்தது வேறு.

"பரவாயில்லடா," என்றேன்.